முன்னால் இலக்கத் தகடு இல்லாத வண்டியும் மஞ்சள் கமராவும்

லண்டனுக்கு வந்து மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகம் செய்யும் எமது பிரதேச இளைஞர்களிடம் ஒரு கதை நீண்ட காலமாக உலாவுகிறது. அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒரு தம்பி என்னிடம் அதை இப்படித்தான் சொன்னார்: "காக்கா, நம்மட வண்டிக்கு முன்னுக்கு நம்பர் பிளேட்டே இல்ல. ஹெல்மெட்டும் போட்டிருக்கம். அப்ப கமரா யார புடிக்கும்?"

நானும் எட்டு வருடங்களுக்கு முன்னர் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பைக் கலைத்தது தபாலில் வந்த ஒரு கடிதம். மணிக்கு 20 மைல் மட்டுமே அனுமதிக்கப்பட்ட வீதியில் நான் 28 மைல் வேகத்தில் சென்றதாக அதில் எழுதியிருந்தது. படத்தைக் கேட்டுப் பார்த்தேன். என் முதுகு, முதுகில் இருந்த சதுரப் பை, அதற்குக் கீழே மஞ்சள் நிறத்தில் என் இலக்கத் தகடு. எல்லாம் தெளிவாக இருந்தன. முகம் இல்லை. முகம் தேவையும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

இந்தக் கமராக்கள் எப்படி வேலை செய்கின்றன, மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரை எங்கே தொடுகின்றன என்பதை அதன் பின்னர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடி அறிந்துகொண்டேன். இங்கே இருப்பவர்களுக்கும், இங்கே வரக் காத்திருப்பவர்களுக்கும், பிள்ளைகளை இங்கே அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் இது பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

பிரித்தானியாவில் பலரும் இந்தக் கமராவை 'கெட்ஸோ' என்றே அழைப்பார்கள். அது ஒரு மனிதரின் பெயர். மௌரிட்ஸ் கெட்ஸோனிடஸ் என்பவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கார் பந்தய வீரர். 1953ஆம் ஆண்டு மொன்டே கார்லோ பந்தயத்தில் வென்றவர். வளைவுகளில் தான் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறேன் என்பதை அளந்து, இன்னும் வேகமாக ஓட்டுவதற்காக அவர் உருவாக்கிய கருவியே பின்னர் பொலிஸாரின் கைக்குப் போனது. வேகத்துக்காகப் பிறந்த கருவி வேகத்தைப் பிடிக்கும் கருவியானது. பிரித்தானியாவின் முதலாவது வேகக் கமரா 1992இல் மேற்கு லண்டனின் ட்விக்கன்ஹாம் பாலத்தில் பொருத்தப்பட்டது.

கெட்ஸோ வேலை செய்வது ரேடார் மூலம். ஒரு செக்கனுக்கு சுமார் 2,400 கோடி தடவை அதிரும் வானொலி அலையை அது வீதியை நோக்கி அனுப்புகிறது. அசையாத பொருளில் பட்டுத் திரும்பும் அலை போனபடியே திரும்பும். ஓடும் வண்டியில் பட்டால் அதிர்வு சற்று மாறித் திரும்பும். அம்புலன்ஸ் எம்மைக் கடந்து போகும்போது அதன் சத்தம் மாறிக் கேட்கிறதே, அதே தத்துவம்தான். மணிக்கு 30 மைல் வேகத்தில் போகும் வண்டி அந்த அலையில் செக்கனுக்கு ஏறத்தாழ 2,150 அதிர்வுகள் அளவுக்கு வித்தியாசத்தை உண்டாக்கும். கருவி அந்த வித்தியாசத்தை எண்ணி வேகமாக மாற்றிவிடும். வண்டி கனமானதா இலேசானதா, நான்கு சில்லா இரண்டு சில்லா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. மோட்டார் சைக்கிள் சிறியது என்பதால் திரும்பும் அலை பலவீனமாக இருக்கலாம். ஆனால் வீதியோரக் கமராவுக்கும் வண்டிக்கும் இடையில் சில மீற்றர்களே இருக்கும்போது அது ஒரு பொருட்டே அல்ல.

கெட்ஸோ வண்டியை முன்னாலிருந்து படம் எடுப்பதில்லை. வண்டி தன்னைக் கடந்து போன பின்னர், பின்னாலிருந்தே எடுக்கிறது. அரை செக்கன் இடைவெளியில் இரண்டு படங்கள். வீதியில் சமமான தூரத்தில் வரையப்பட்டிருக்கும் சிறிய வெள்ளைக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக அல்ல. முதல் படத்தில் பின் சில்லு எந்தக் கோட்டில் இருந்தது, இரண்டாவது படத்தில் எந்தக் கோட்டுக்குப் போனது என்று எண்ணினால் ரேடார் சொன்ன வேகம் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். 30 மைல் வேகத்தில் அரை செக்கனில் வண்டி 6.7 மீற்றர் போகும். 40 மைல் என்றால் கிட்டத்தட்ட 9 மீற்றர். ரேடார் தவறு செய்தாலும் கோடுகள் காட்டிக்கொடுக்கும். இந்த இரட்டைச் சோதனை சாரதிக்கும் ஒரு பாதுகாப்புத்தான்.

அப்படியானால் அந்தத் தம்பி சொன்ன கதை எங்கிருந்து வந்தது? அது முற்றிலும் பொய்யல்ல. 'ட்ரூவெலோ' என்று ஒரு வகைக் கமரா உண்டு. அது வண்டியை முன்னாலிருந்து எடுக்கும். வீதிக்குள் பதிக்கப்பட்ட கம்பிகளைச் சில்லுகள் கடக்கும் நேரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடும். பிரித்தானியாவில் மோட்டார் சைக்கிளுக்கு முன்பக்கத் தகடு கட்டாயம் என்ற விதி 1975இல் நீக்கப்பட்டது. அந்தக் காலத்தில் முன் மட்கார்டின் மேல் நீளவாக்கில் நின்ற தகடு, மோதும்போது பாதசாரியைக் கத்தி போல வெட்டிவிடும் என்ற பயம் இருந்தது. 2001 செப்டெம்பர் முதலாம் திகதிக்குப் பிறகு பதிவான வண்டிகளுக்குப் பின்னால் மட்டுமே தகடு இருக்க வேண்டும். ஆகவே முன்னாலிருந்து மட்டும் எடுக்கும் கமராவுக்கு மோட்டார் சைக்கிள் யாருடையது என்று தெரியாது. அந்த ஓட்டைதான் கதையாகி இன்னும் நடமாடுகிறது.

ஆனால் ஓட்டை சுருங்கிக்கொண்டே வந்துவிட்டது. வீதியோரத்தில் வேன் ஒன்றை நிறுத்தி, உள்ளே இருந்து லேசர் கருவியால் அளக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அது கண்ணுக்குத் தெரியாத ஒளித் துடிப்புகளை அனுப்பி, அவை வண்டியில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கிறது. 300 மீற்றர் தூரத்தில் இருக்கும் வண்டிக்கு ஒளி போய்த் திரும்ப ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு போதும். அந்த நேரம் குறைந்துகொண்டே வந்தால் வண்டி நெருங்குகிறது, கூடிக்கொண்டே போனால் விலகுகிறது. வேன் பொலிஸார் வருகின்ற வண்டியையும் அளப்பார்கள், போகின்ற வண்டியையும் அளப்பார்கள். போகும்போது பின் தகடு வீடியோவில் பதிவாகிவிடும். லேசர்க் கதிர் 300 மீற்றரில் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலத்துக்குத்தான் விரிகிறது. அதனால் பக்கத்தில் போகும் காரை விட்டுவிட்டு உங்களை மட்டும் குறிவைக்க முடியும். "பக்கத்தில் கார் போனது, அதன் வேகத்தை என் மேல் போட்டுவிட்டார்கள்" என்ற வாதம் பழைய ரேடார் துப்பாக்கிக்கு ஓரளவு பொருந்தலாம். லேசருக்குப் பொருந்துவது கடினம்.

மூன்றாவது வகைதான் எனக்கு நியாயமானதாகப் படுகிறது. அது சராசரி வேகக் கமரா. ஓரிடத்தில் உங்கள் தகட்டை வாசிக்கும், சில மைல்களுக்கு அப்பால் மீண்டும் வாசிக்கும். இடைத்தூரத்தை எடுத்த நேரத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும். 50 மைல் வேக வீதியில் 4 மைல் தூரத்தை 4 நிமிடம் 48 செக்கனுக்கு முன்னர் முடித்தால் நீங்கள் எங்கோ கூடிய வேகத்தில் போயிருக்கிறீர்கள். ரேடாரும் இல்லை, லேசரும் இல்லை, பாடசாலைக் கணக்குத்தான். ஸ்கொட்லாந்தில் டன்பிளேனிலிருந்து இன்வர்னஸ் வரையான ஏ9 வீதியில் 2014 முதல் இந்த முறை உள்ளது. இங்கிலாந்தில் மெக்கில்ஸ்ஃபீல்ட், பக்ஸ்டன் நகரங்களுக்கு இடையிலான மலைப்பாதையில் 2010இல் பொருத்தினார்கள். வளைவுகள் நிறைந்த அந்த ஏ537 வீதி வார இறுதிகளில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் இடம். பல வருடங்களாக நாட்டின் மிக ஆபத்தான வீதிகளின் வரிசையில் அதன் பெயர் இருந்தது.

ஏன் நியாயமானது என்கிறேன் என்றால், ஓரிடத்தில் மட்டும் நிற்கும் கமராவைக் கண்டதும் எல்லோரும் செய்வது ஒன்றைத்தான். பிரேக் பிடிப்பார்கள், கடந்ததும் மீண்டும் முறுக்குவார்கள். காரில் இருப்பவருக்கு அது ஒரு குலுக்கல். இரண்டு சில்லில் இருப்பவருக்கு அப்படியல்ல. திடீரென முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டியின் பாரம் முழுவதும் முன் டயருக்குப் போகும், பின் டயர் இலேசாகும். சில்லு பூட்டிக்கொண்டால் வண்டி நிமிர்ந்து நிற்காது. நான் மேலே சொன்ன அந்த வெள்ளைக் கோடுகள் மழையில் நனைந்தால் சவர்க்காரம் போல வழுக்கும். வீதியை வெட்டிக் கம்பி பதித்துவிட்டு மேலே பூசும் தார்ப் பட்டியும் அப்படித்தான். எந்த இடத்தில் பிரேக் பிடிக்கவே கூடாதோ அந்த இடத்தில்தான் கமரா எம்மைப் பிரேக் பிடிக்கத் தூண்டுகிறது. ஒரு நவம்பர் மாலை, எனக்கு முன்னால் போன கார் கமராவைக் கண்டு காரணமின்றி நின்றதுபோல் வேகத்தைக் குறைத்தது. நான் பிடித்தேன். முன் சில்லு கோட்டின் மேல் அரை அடி வழுக்கி, பின்னர் பிடித்துக்கொண்டது. அல்ஹம்துலில்லாஹ், விழவில்லை. அந்தக் கார் சாரதி தன் வேகமானி ஊசியைப் பார்த்திருப்பாரே தவிர கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்க மாட்டார்.

இதைச் சொல்வதால் கமராவே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லண்டன் பொருளியல் கல்லூரியில் 1992 முதல் 2016 வரையான தரவுகளை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, கமராவைச் சுற்றி 500 மீற்றருக்குள் விபத்துகள் 17 முதல் 39 சதவீதம் வரையும், மரணங்கள் 58 முதல் 68 சதவீதம் வரையும் குறைந்ததாகக் கண்டது. ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் விபத்துகள் மீண்டும் கூடுவதற்கான அறிகுறியையும் அதே ஆய்வு சொல்கிறது. நாம் பிரேக் பிடித்து முறுக்கும் கதைதான் அந்த எண்களிலும் இருக்கிறது. பிரித்தானிய வீதிகளில் ஓடும் வாகனப் போக்குவரத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஏறத்தாழ ஒரு சதவீதம் மட்டுமே. வீதியில் உயிரிழப்பவர்களில் ஐந்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தவர். இந்த இரண்டு எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகு கமராவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

என் முதல் குற்றம் சிறியது என்பதால் தண்டப்பணத்துக்குப் பதிலாக வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். 20 மைல் வீதியில் 24 முதல் 31 வரை, 30 மைல் வீதியில் 35 முதல் 42 வரை பிடிபட்டவர்களுக்குப் பொதுவாக இந்த வாய்ப்புத் தரப்படும். மூன்று வருடங்களுக்குள் ஒரு தடவைதான். வகுப்புக் கட்டணத்தை நாமே கட்ட வேண்டும், ஆனால் அனுமதிப்பத்திரத்தில் புள்ளி விழாது. மூன்று மணி நேரத்தை வீணடிக்கப் போகிறார்கள் என்று எரிச்சலோடுதான் போய் உட்கார்ந்தேன். ஒரு கணக்கு மட்டும் இன்றுவரை மனதில் நிற்கிறது. இங்குள்ள வீதி விதிக் கோவையின்படி 30 மைல் வேகத்தில் வரும் வண்டி நிற்க 23 மீற்றர் வேண்டும். அதில் 9 மீற்றர், மூளை உணர்ந்து கை பிரேக்குக்குப் போகும் முன்னரே கழிந்துவிடும். 40 மைல் என்றால் 36 மீற்றர். ஒரு பிள்ளை 23 மீற்றர் முன்னால் வீதிக்குக் குறுக்கே ஓடுகிறது என்று வையுங்கள். 30இல் வந்தவர் பிள்ளைக்கு முன்னால் நின்றுவிடுவார். 40இல் வந்தவர் அதே இடத்தை அடையும்போது இன்னும் கிட்டத்தட்ட 30 மைல் வேகத்தில் இருப்பார். முதல் 12 மீற்றர் பிரேக்கே பிடிக்காமல் போய்விடுகிறது, மிச்சம் 11 மீற்றரில் வேகத்தின் கால்வாசிதான் குறைகிறது. அன்று வீட்டுக்கு வரும் வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 மைல் தூர விநியோகத்தை 30இல் ஓடினால் 6 நிமிடம், 36இல் ஓடினால் 5 நிமிடம். மிச்சம் பிடித்த அந்த ஒரு நிமிடத்தையும் அடுத்த சிவப்புச் சமிக்ஞை விளக்கு விழுங்கிவிடும்.

வகுப்புக்குத் தகுதி இல்லாதவர்களுக்கு 100 பவுண் தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் 3 புள்ளிகளும். மிக அதிக வேகம் என்றால் நீதிமன்றம், வார வருமானத்தை வைத்துத் தண்டம். மூன்று வருடங்களுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் குறைந்தது ஆறு மாதம் ஓட்ட முடியாது. தண்டப்பணம் பொலிஸாரின் பைக்குப் போகிறது என்று இங்கேயும் பலர் சொல்வார்கள். 2007 முதல் அது அரச திறைசேரிக்கே போகிறது.

பணத்தை விட எம்மவர்களை அதிகம் அழிப்பது வேறொன்று. அது தபால் பெட்டி.

கமரா எடுத்த படத்தை வைத்து பொலிஸார் வண்டியின் பதிவில் உள்ள பாவனையாளருக்கு 14 நாட்களுக்குள் அறிவித்தல் கடிதம் அனுப்புவார்கள். அன்று வண்டியை ஓட்டியது யார் என்று 28 நாட்களுக்குள் அவர் பதில் எழுத வேண்டும். ஹெல்மெட் போட்ட முகம் ஏன் தேவையில்லை என்பதற்கு விடை இதுதான். ஜேர்மனியில் ஓட்டியவர் யார் என்று படத்திலேயே அடையாளம் காண வேண்டும், அதனால் முன்பக்கப் படம் எடுக்கிறார்கள், ஹெல்மெட் அவர்களுக்குத் தலையிடி. பிரித்தானியச் சட்டமோ கேள்வியைப் பதிவில் உள்ளவரிடமே போட்டுவிடுகிறது. பதில் எழுதாமல் விட்டால் அது தனிக் குற்றம். வேகத்துக்கு 3 புள்ளி என்றால் பதில் சொல்லாததற்கு 6 புள்ளி, 1,000 பவுண் வரை தண்டம்.

எம்மவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? மூன்று மாதம் வெம்பிளியில் ஓர் அறை, பிறகு ஹரோவில் மச்சான் வீட்டில், பிறகு சவுத்தோலில் நான்கு பேரோடு. அறை மாறும்போது வங்கிக்குச் சொல்வார்கள், உணவு விநியோகச் செயலிக்குச் சொல்வார்கள். வண்டியின் பதிவுப் பத்திரத்தில் உள்ள முகவரியை மாற்ற மறந்துவிடுவார்கள். கடிதம் பழைய முகவரிக்குப் போகும். அங்கே வேறு யாரோ இருப்பார்கள், கடிதம் மாடிப்படியில் கிடக்கும். சட்டத்தின் பார்வையில் பதிவில் உள்ள முகவரிக்கு உரிய நேரத்தில் அனுப்பியாயிற்று, அவ்வளவுதான்.

முதல் பந்தியில் சொன்ன அந்தத் தம்பிக்கு இதுதான் நடந்தது. கார் சோதனையில் சித்தியடைந்து ஒரு வருடமும் ஆகவில்லை. 30 மைல் வீதியில் 37இல் போயிருக்கிறார், வகுப்போடு முடிந்திருக்க வேண்டிய விடயம். கடிதங்கள் பழைய அறைக்குப் போயின. அவர் இல்லாமலே வழக்கு நடந்து 6 புள்ளிகள் விழுந்தன. முதன்முதலாகச் சித்தியடைந்து இரண்டு வருடங்களுக்குள் 6 புள்ளி சேர்ந்தால் இங்கே அனுமதிப்பத்திரமே ரத்து. எழுத்துப் பரீட்சையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். அவருக்கு இது தெரிந்தது, காப்புறுதியைப் புதுப்பிக்கப் போனபோது. அன்றிரவு என்னை அழைத்தார். "காக்கா, நான் ஒரு கடிதமும் பாக்கல்ல. வாப்பாக்கு மாசம் மாசம் அனுப்புறது இந்த வண்டியாலதான்" என்றார். பிறகு பேசவில்லை.

இப்படி ஆனவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வழி ஒன்று உண்டு. வழக்கு நடந்ததே தெரியாதவர், தெரிய வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் அல்லது சட்டத்தரணி முன்னிலையில் சத்தியப் பிரகடனம் ஒன்றைச் செய்தால் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டு வழக்கு மீண்டும் ஆரம்பத்திலிருந்து எடுக்கப்படும். நாங்கள் பன்னிரண்டாம் நாள் போனோம். பொய்ப் பிரகடனம் பெரிய குற்றம், ஆகவே உண்மையில் கடிதம் பார்க்காதவர் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். அதுபோல வேகத்துக்கான புள்ளியை நண்பரின் பெயரில் எழுதிக் கொடுப்பதும் வேண்டாம். அதற்காக முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹூனே 2013இல் சிறை சென்றார். நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருந்தால் பிற்காலத்தில் குடியுரிமை விண்ணப்பத்திலும் அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

முகவரி மாற்றுவதற்குக் கட்டணமே இல்லை. இணையத்தில் ஐந்து நிமிட வேலை. அனுமதிப்பத்திரத்துக்கு ஒரு தடவை, வண்டிப் பதிவுக்கு இன்னொரு தடவை. இரண்டும் வேறு வேறு என்பதைத்தான் அதிகமானோர் அறியாமல் இருக்கிறார்கள்.

ஊரில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் பொலிஸார் கையில் வேகத் துப்பாக்கியோடு மர நிழலில் நிற்பார், மறிப்பார், தண்டப் பத்திரம் தருவார். எதிரே வருபவர் லைட் அடித்து எச்சரிப்பார். இங்கே அப்படி லைட் அடித்தால் பொலிஸாரின் கடமைக்கு இடையூறு என்று வழக்குப் போட முடியும். அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியும் இல்லை. ஆனால் கொழும்பில் 2024 ஜனவரி முதல் சீ.சீ.ரீ.வி. கமரா மூலம் போக்குவரத்துக் குற்றங்களைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மறிக்கும் பொலிஸார் ஓட்டுபவரைப் பார்க்கிறார். கமரா தகட்டைத்தான் பார்க்கிறது, தகடு பதிவில் உள்ள பெயரைத்தான் காட்டும். நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிள்கள். அவற்றில் எத்தனையோ வண்டிகள் பெயர் மாற்றாமல், 'ஓபன் பேப்பர்' என்று கைமாறிக் கைமாறி ஓடுகின்றன.

போன வாரம் கல்முனையில் இருக்கும் என் தம்பிக்கு அழைப்பெடுத்து, அவன் ஓடும் வண்டி யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "எனக்கு முந்தி வச்சிருந்தவருக்கு முந்தி வச்சிருந்தவர்ர பெயரில இருக்கும் போல காக்கா. அவர் இப்ப கட்டாரில" என்றான்.